துக்கம் இல்லாத கார்

1

போன மாதம் ராஜபாளையத்தில் என் சித்தி மகனுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா, பக்கத்து இலைக்காரர்களுக்கு என்னை இப்படி அறிமுகம் செய்தார்:

"இவதான் பெங்களூர் மலர். சொந்தமா கார் வச்சிருக்கா. அவளே ஓட்டுறா. மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து வாராரு."

கடைசி வாக்கியத்தை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார், என் கணவருக்கு ஏதோ தீராத வியாதி இருப்பதுபோல. கேட்டவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டு வாசலில் ஏசி போட்ட புத்தம்புதுக் காரும் வெள்ளைச் சட்டை போட்ட காவலாளியும் நிற்பது தெரிந்தது. ஊரில் யாருக்கும் அந்தக் கார் வந்த விதம் தெரியாது. எழுதிவிட்டால் அடுத்த கல்யாணத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் பெங்களூருக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். என் கணவருக்கு ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. எனக்கு டெலிபோன் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தோம். கம்பெனிக்கு நடந்தே போய்விடுவேன். பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல சூப்பர்வைசர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். நாற்காலி சூடாகும் முன்பே கம்பெனியை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு பஸ் மாற வேண்டும். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிடும். கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கவும், யார் காலை மிதித்தாலும் கண் திறக்காமல் "பர்வாகில்ல" சொல்லவும் பழகிக்கொண்டேன். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. பேக்கிங்ல நேரக் கெடுபிடி இல்ல."

திரும்ப டேப் ஒட்டப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். விடிகாலை வகுப்புக்குப் போய் ஓட்டக் கற்று, லைசென்சும் வாங்கினேன். என் கணவர் கற்றுக்கொள்ளும் பேச்சே இல்லை. கல்லூரிக் காலத்தில் நண்பனின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாள் முதல், சக்கரம் வைத்த எதையும் குரைக்காத நாயைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

எஸ்டிடி பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னேன்.

"நீ ஓட்டுனா மாப்பிள்ளை என்ன செய்வாரு?"

"பக்கத்துல உக்காந்திருப்பாரு."

அம்மா சற்று யோசித்துவிட்டு, "பாவம்" என்றாள்.

2

எங்கள் கைக்கு எட்டியது பழைய கார்தான், அதிலும் மிகப் பழைய கார். பேப்பர் விளம்பரத்தில் ஜெயநகர் விலாசம் ஒன்று கிடைத்தது. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து வண்டி. எண்பதுகளில் டாக்டர்கள் வைத்திருந்த வகை.

பழைய சாமான் வாங்குவதில் எனக்கு இருந்த ஒரே முன்னனுபவம் அப்பா வாங்கிய பழைய சைக்கிள். அதைப் பார்வையிட எங்கள் தெருவே வந்தது. வந்த ஒவ்வொருவரும் மணியை அடித்துப் பார்த்தார்கள். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து பெடலைச் சுற்றினார்கள். டெய்லர் கடைக்காரர் சங்கிலியை விரலால் நிமிண்டிவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்" வந்த பிறகுதான் அப்பா பணத்தை எடுத்தார். பெங்களூரில் "ம்" சொல்ல யாரைத் தேடுவது?

கீழ் வீட்டு எத்திராஜ் தானாகவே முன்வந்தார். அவருக்கு ஓர் அச்சகத்தில் வேலை. குடும்பம் மூன்று தலைமுறையாக ஆஸ்டின் டவுன்தான்.

"கார்னா நம்ம ரத்தத்துல கீது மேடம். எங்க தாத்தா தொரைக்கு வண்டி ஓட்னவரு."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"ஓட்றது வேற, பாக்கறது வேற மேடம். எல்லாரும் ஓட்டுவான். பாக்கறதுக்குக் கண்ணு வேணும்."

ஒரு ஏற்பாடும் அவரே சொன்னார். வண்டி சரியில்லை என்று தெரிந்ததும் அவர் இருமுவார். நாங்கள் ஒன்றும் கேட்காமல் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இந்த ஏற்பாடு என் கணவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கிளம்புவதும் அதில் ஒரு பகுதி என்பதால்.

எங்கள் மகள் நித்யாவுக்கு அப்போது பதினோரு வயது. கூட வா என்றால் மாட்டேன் என்றாள். அவளுடைய கன்னடம் பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் கற்றது, எங்களுடையது காய்கறி வண்டிக்காரரிடம் கற்றது. நாங்கள் கன்னடம் பேசும் இடத்தில் நிற்பதைவிடக் கணக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல், முக்கியமான கேள்விகளை எனக்கு உருப்போட வைத்தாள். அதில் ஒன்று, வண்டி புகை விடுமா என்பது: "ஹொகெ பருத்தா?"

"சின்ன ஒ-ம்மா. நீட்டாதே."

"ஏன், நீட்டினா என்ன?"

"நீட்டாதேன்னா நீட்டாதே."

3

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். சொந்தக்காரர் நாகராஜய்யா, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, நிமிர்ந்து, பஞ்சகச்சமும் முழுக்கைச் சட்டையுமாக வாசலில் நின்றார். அவர் மனைவி கமலம்மா கொஞ்சம் தள்ளி, தூணோடு தூணாக நின்றிருந்தார். நாகராஜய்யா என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, நேராக அவரைக் காரிடம் அழைத்துப் போனார். என்னிடம் வாசலில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

கார் ஒரு தார்ப்பாயின் கீழ் இருந்தது. அதை அவர் உருவினார். கண்ணை மறைக்கும் அளவுக்குப் புழுதி எழும்பியது. எத்திராஜ் இருமினார்.

என் கணவர் உடனே கைகூப்பி, "நமஸ்காரா, பர்த்தீனி" என்று விடைபெற்று, செருப்பையும் மாட்டிக்கொண்டார். நாகராஜய்யா திகைத்துப்போய்த் தானும் இருமினார். நானும் இருமினேன். எத்திராஜ் இருமிக்கொண்டே கையை ஆட்டி, இது அந்த இருமல் இல்லை என்று சைகை காட்டினார். என் கணவரைத் திரும்ப உள்ளே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எத்திராஜ் வேலையில் இறங்கினார். டயரை உதைத்தார். கதவைத் திறந்து மூடி, மூடிய சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். வண்டியின் உடம்பெல்லாம் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

"சவுண்டு இருக்குது மேடம்" என்றார்.

நாகராஜய்யா பானெட்டைத் திறந்து என் கணவருக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். இவர் எட்டிப் பார்த்து, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனவர் மாதிரி, "நல்லா இருக்கு" என்று தலையாட்டினார். பெரியவர் கதவின் அடி விளிம்பைத் தடவிக் காட்டி, "துக்கு இல்லா, ஸ்வல்பானூ துக்கு இல்லா" என்று அழுத்தமாகச் சொன்னார். இவர் முகம் மாறியது. என்னிடம் வந்து காதோடு சொன்னார்:

"வண்டியில துக்கம் எதுவும் இல்லையாம். யாரும் இதுல சாகலன்னு சொல்றாரு போல. நாம கேக்காமலே ஏன் சொல்றாரு?"

துக்கு என்றால் கன்னடத்தில் துரு என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு பின் சீட்டைத் தொடவே தயங்கினார்.

கமலம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான் என்ற தைரியத்தில் அவர் எதிரிலேயே பேசிக்கொண்டோம். "பெரியவரு ஏமாளி மேடம், அட்ச்சிப் பேசினா எறங்குவாரு" என்றார் எத்திராஜ். "அந்தம்மா முறைச்சுப் பாக்குது, சீக்கிரம் முடிங்க" என்றார் என் கணவர். என் பங்குக்கு நானும், "காபி தண்ணியா இருக்கு" என்றேன்.

பெரியவர் எஞ்சினைக் கிளப்பினார். வண்டி மூன்று முறை கனைத்து, பிறகு ஓடத் தொடங்கியது. புகையைப் பார்க்க நான் பின்பக்கம் போனேன். கமலம்மா அங்கேதான், சைலன்சருக்குப் பக்கத்தில், காலி டம்ளர்களோடு நின்றிருந்தார். நித்யா சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்தி, மரியாதையாகச் சிரித்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்:

"ஹோகே... பருத்தா?"

கமலம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுத்தமான தமிழில் சொன்னார்:

"நான் எங்கம்மா போறது? இது என் வீடாச்சே."

ஹொகெ என்றால் புகை. நீட்டிவிட்டால், ஒரு பெண்ணைப் பார்த்து "போடி" என்பது. அந்த வீட்டுக்காரியை அவர் வீட்டிலேயே நின்று விரட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஓசூர்ல பொறந்து வளந்தவ நான். தமிழ் இஸ்கூல்லதான் படிச்சேன்" என்றார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று புரிந்தது. "காபி தண்ணியா இருந்துதா? இரு, திக்கா போட்டுத் தரேன்."

எத்திராஜ் இதைக் கேட்டுவிட்டு, காரின் மறுபக்கம் போய் டயரை உதைப்பதில் மும்முரமானார்.

கமலம்மா என்னைக் கிட்டே இழுத்தார். "யாரு ஓட்டப் போறது? அவரா?"

"நான்தாம்மா."

"அப்ப முன் சீட்டுக்குக் கீழ கால்மிதியைத் தூக்கிப் பாரு" என்றார்.

தூக்கிப் பார்த்தேன். கீழே ஒரு மணைப்பலகை கிடந்தது. பலகையையும் தூக்கினேன். தரை தெரிந்தது. காரின் தரையல்ல, அவர்கள் வீட்டு வாசல் தரை. கட்டெறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

நாகராஜய்யா சிறிதும் கலங்கவில்லை. "தேக்கு" என்றார். பலகையைச் சொன்னார்.

4

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முதல் தடவை தானே ஓட்டிக் காட்டுவதாகப் பெரியவர் சொல்லிவிட்டார். முன்னால் அவர் பக்கத்தில் கமலம்மா. பின்னால் நாங்கள் மூவரும். துக்கம் பற்றிய சந்தேகம் தீராததால் என் கணவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

வண்டி அருமையாகப் போயிற்று. ஜெயநகரின் அகலமான தெருக்கள், இரண்டு பக்கமும் மரங்கள். கமலம்மா மட்டும் எதிரே வெறித்துப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்தேன். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது, அவரும் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டார்.

ஒரு திருப்பத்தில் எஞ்சின் சத்தம் தணிந்தபோதுதான் ஸ்தோத்திரம் காதில் விழுந்தது.

"முந்தெ ஹம்ப்பு... எடகடெ ஹசு... ஆட்டோ நிந்திதெ, ஸ்வல்ப பலக்கெ..."

முன்னால் மேடு. இடது பக்கம் பசு. ஆட்டோ நிற்கிறது, கொஞ்சம் வலது. அவர் சொல்லச் சொல்ல ஸ்டியரிங் அதன்படியே திரும்பியது. பெரியவருக்குக் கண் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எத்திராஜ் முன்னால் சாய்ந்து, விட்டுப்போன மரியாதையை மீட்கும் குரலில் கேட்டார்: "அம்மா, மைலேஜ் என்னாத்துக்குக் குடுக்குது?"

கமலம்மா பதில் சொல்லத் திரும்பினார். ஸ்தோத்திரம் நின்றது. கார் நேராக ஓர் இளநீர் வண்டியை நோக்கிப் போனது. இளநீர்க்காரர் கையில் அரிவாளோடு எங்களைப் பார்த்தபடியே நின்றார். நிச்சயம் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இருந்தது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். தமிழில்தான். என்ன மொழியென்று பெரியவர் பார்க்கவில்லை, அழுத்திவிட்டார். கார் வண்டியின் விளிம்பைத் தொடாத குறையாக நின்றது. ஒரு காய் உருண்டு பானெட்டின்மேல் விழுந்தது.

எத்திராஜ்தான் முதலில் வாய் திறந்தார். "பிரேக் சூப்பர் மேடம்."

பெரியவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார், "ஏனு அது?"

"எளநீர் காடி ரீ."

அவர் எஞ்சினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கின்மேலேயே இருந்தன. நாங்கள் இறங்கினோம். இளநீர்க்காரர் சண்டைக்கு வந்தார், வந்தவர் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் குடிக்க வேண்டும் என்ற அளவில் வழக்கை முடித்துக்கொண்டார். நடுத்தெருவில் ஐந்து பேரும் வரிசையாக நின்று குடித்தோம்.

கமலம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "கண்ணுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மகன் அமெரிக்காலேந்து போன்ல திட்டறான். கேக்க மாட்டாரு. நான்தான் பேப்பர்ல போட்டேன். வர்றவங்களை எல்லாம் இப்பிடிக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போவாரு. யாரும் திரும்பி வர்றதில்லே. பாத்தியா, இந்த வண்டிக்கு மதிப்புத் தெரிஞ்சவன் எவனும் இல்லேன்னு சொல்லுவாரு."

பெரியவர் இளநீர்க் கூட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "நீவு ஓட்ஸி" என்று சாவியை நீட்டினார். கை, என் தோளுக்குச் சற்று வலப்பக்கமாக நீண்டிருந்தது. எட்டி வாங்கிக்கொண்டேன்.

ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை கியரில் எனக்குப் பழக்கம் இல்லை. முதல் கியர் என்று நினைத்துப் போட்டது பின்னோக்கிப் போயிற்று, இளநீர்க்காரர் மகிழ்ச்சியோடு விலகி நின்றார். இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை கிளம்பினேன். கமலம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், "முந்தெ சைக்கிள்... பலகடெ நாய்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தக் குரல் தேவையாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும் வழியில் எத்திராஜ் தீர்ப்புச் சொன்னார். "வேணாம் மேடம். அடில ஓட்டை. நான் மொதல்லயே இருமினேன்."

என் கணவர் எப்போதும் வேண்டாம் என்கிற ஆள். அவர்தான், "வாங்கிடலாம்" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"ஓட்டையை அடைச்சுக்கலாம். பிரேக் பிடிக்குது, எனக்கு அது போதும்." கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "நாம வாங்கலேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போவாரு."

5

பெயர் மாற்ற ஆர்டிஓ ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா என் கணவரிடம் கையெழுத்துக் கேட்டார். இவர் என்னைக் காட்டினார். குமாஸ்தா என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் இவரிடமே பேனாவை நீட்டினார். ஒருவழியாக வண்டி என்னுடையது என்று ஒப்புக்கொண்டதும், என் பெயரில் சிக்கல் வந்தது. எஸ். மலர்விழி என்றால் எஸ் என்ன? சுப்பையா, அப்பா பெயர். முதலில் நிற்கிற பெயர்தான் உங்கள் பெயர் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அதனால் கர்நாடக அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தக் காரின் சொந்தக்காரர் சுப்பையா. சாகும்வரை ராஜபாளையத்தில் சைக்கிள் மிதித்த மனுஷன். இன்றைக்கும் போலீஸ்காரர் யாராவது நிறுத்தினால், "மிஸ்டர் சுப்பையா யாரு?" என்று கேட்கிறார்கள். என் கணவர் தலையாட்டிவிடுவார். அதுதான் எல்லாருக்கும் வசதி.

வண்டியை எடுத்துவரப் போகும்முன் ஒரு நண்பரின் கை கியர் வண்டியில் கொஞ்ச நாள் பழகிக்கொண்டேன். போன அன்று நாகராஜய்யா தேக்குப் பலகையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அது வண்டியோடு சேராது என்றார். நல்லவேளை, ஓட்டையை மூட நாங்கள் ஒரு தகரம் கொண்டுபோயிருந்தோம். வாசலில் வந்து நின்று, வண்டி எங்கே நிற்கிறது என்று கையால் தடவிப் பார்த்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப எனக்குக் கால் வரவில்லை.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?" என்று கேட்டேன். என் கணவர் அதற்காகவே காத்திருந்ததுபோல, வாசலில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவர் பின் சீட்டில் ஏறினார். அந்தக் காரில் பின் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தடுமாறினார். கமலம்மா வழக்கம்போல முன்னால். நான் கிளட்சை விட்ட விதத்துக்குப் பின்னாலிருந்து ஒரு "ச்" வந்தது. தெருமுனை திரும்பியதும் கமலம்மா ஆரம்பித்துவிட்டார்.

"முந்தெ ஆட்டோ... எடகடெ..."

"அம்மா, இனிமே சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா வாங்க."

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் பார்வை எதிரேதான் இருந்தது, கைகள் மடியில் இறுகிக் கிடந்தன. ஒரு சைக்கிள் குறுக்கே போயிற்று, உதடு அசைந்து நின்றது. ஒரு மேடு வந்தது, நானே வேகத்தைக் குறைத்தேன். இன்னும் இரண்டு தெரு அப்படியே போனோம். பிறகு அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"அய்யோ, இந்த வீட்டுக்கு எப்பம்மா மாடி கட்டினாங்க?"

அவர் வீட்டிலிருந்து நாலு தெருகூட இல்லை.

பின்னாலிருந்து பெரியவர் கேட்டார், "யாவ மனெ?"

"டாக்டர் மனெ ரீ. மேலே மாடி கட்டிதாரெ. நீலி பண்ணா."

"நீலியா?" நீல வண்ணம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "பக்கத மனெ?"

பக்கத்து வீட்டைக் கமலம்மா சொல்லத் தொடங்கினார். பால்கனி, அதில் காயும் சேலை, வாசலில் புதிதாக வைத்த செண்பக மரம். நான் வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.